தம்பி முறையில் நான் வெட்டிய வேலி

கோபக்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அது பொய் இல்லை. ஆனால் இந்த வேலியை நான் கோபத்தில் வெட்டவில்லை. நன்றாக யோசித்து, காபி குடித்துவிட்டு, நிதானமாகத்தான் வெட்டினேன். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

குரும்பலூருக்கு மேற்கே எங்கள் புஞ்சைக் காடு. அப்பா போன பிறகு நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டோம். கிணறு பொது, வண்டிப்பாதை பொது, நடுவில் கிழக்கு மேற்காக ஓடிய கிளுவை வேலியும் பொது. வேலி வெட்ட மட்டும் முறை வைத்திருந்தோம். ஒரு வருஷம் என் முறை, மறு வருஷம் தம்பி முறை. மாசி மாதம் கிளுவை இலை கொட்டி நிற்கும்போது, முறைக்காரன் தன் பக்கத்தை மட்டும் வெட்டுவான். எதிர்ப்பக்கம் அந்த வருஷம் அப்படியே நிற்கும். நெஞ்சு உயரத்துக்குக் கீழே அரிவாள் போகக்கூடாது. அப்பா காலத்திலும் பக்கத்துக் காட்டுக்காரரோடு இதே ஏற்பாடுதான். அண்ணன் தம்பிக்குள் சண்டை வராமல் இருக்க வைத்த முறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதனால் வேலி எந்த வருஷமும் முழுசாக மொட்டை ஆனதில்லை என்பது என் மண்டையில் ஏறியதே இல்லை.

அந்த வேலி வெறும் கிளுவை மட்டும் அல்ல. இடையிடையே சங்கஞ்செடி, காரை, சூரைமுள், மேலே கோவைக்கொடி, அடியில் பிரண்டை. அகலம் ஒரு ஆள் படுக்கும் அளவு இருக்கும். உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டால், வெட்டுவதற்கு முன் என்னால் சொல்லியிருக்க முடியாது. கௌதாரி கத்தும், காது அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக உட்கார்ந்து நாள் முழுக்கச் சளசளக்கும். செம்போத்து ஒன்று திருடன் மாதிரி உள்ளே நுழைந்து வெளியே வரும். பாம்பு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கையை விடமாட்டோம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம்.

தம்பி ஒரு தை மாதம் நெஞ்சு வலியில் போய்விட்டான். ஒரு நாள் கூடப் படுக்கவில்லை. அடுத்து வந்த மாசி அவன் முறை. காரியம் முடிந்த கையோடு வேலி வெட்ட யார் போவார்கள்? அந்த வருஷம் அவன் பக்கம் வளர்ந்தபடி கிடந்தது. மழை பிடித்ததும் கிளுவை தழைத்து, கோவைக்கொடி என் மக்காச்சோளக் காட்டுப் பக்கம் ஒரு முழம் இறங்கிவிட்டது.

தம்பி பெண்டாட்டி மீன்சுருட்டிக்காரி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளோடு இங்கேயே இருந்து, தன் பாகத்தைத் தானே உழுவேன் என்றாள். ஆவணிக் கடைசியில் பரங்கி போட்டாள், பொங்கலுக்குக் காய் வெட்டுகிற கணக்கில். அவள் தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை அது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மூத்தாரோடு, அதாவது கணவனின் அண்ணனோடு, எங்கள் வீட்டுப் பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. மற்ற வீடுகளில் இதெல்லாம் போய் வெகுநாள் ஆயிற்று. எங்கள் வீட்டில் போகவில்லை. அவள் வாழ வந்து பதினேழு வருஷம், ஒரு வார்த்தை என்னிடம் நேராகப் பேசியது கிடையாது. சொல்ல வேண்டியதை நான் காதில் வாங்கும்படி ஆட்டிடமோ மாட்டிடமோ சொல்லுவாள். பதிலை நான் என் மனைவியிடம் சொல்லி அனுப்புவேன். தம்பி இருந்தவரை இதில் ஒரு சிரமமும் இல்லை.

புரட்டாசி பிறந்த வாரம் பக்கத்துக் காட்டில் பண்ணைக்குட்டை தோண்ட ஜே.சி.பி. வந்திருந்தது. வேலை முடிந்து திரும்புகிற வண்டியை நான் மறித்தேன். வேலி நிழலில் என் சோளம் இரண்டு வரிசை எப்போதும் சோகை பிடித்துத்தான் நிற்கும். எலி, பாம்பு எல்லாம் அதற்குள்தான். முறை, முறை என்று பார்த்தால், முறைக்காரன்தான் இல்லையே. இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தம்பியோடு முறையும் போயிற்று என்று நினைத்தேன். எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். கிணற்று மேட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, அங்கே கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏ ஆடு, இது எங்க முறைன்னு சொல்லு. மாசியில வெட்டுறத இப்ப வெட்டக்கூடாதுன்னு சொல்லு. உள்ள கொம்புத்தேன் நாலு கூடு இருக்கு, எங்க கொடி பூக்கப் போவுதுன்னு சொல்லு.”

ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது. ஆட்டிடம் சொன்னதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நின்றேன். அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று.

“நீ ஓட்டுப்பா” என்றேன் டிரைவரிடம்.

அவன் கத்தரிக்கவா செய்வான்? வண்டியின் பல்லால் வழித்துக்கொண்டே போனான். கிளுவை மடமடவென்று முறிந்தது. பாதி தூரம் போனதும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, “சார், முட்டை கெடக்கு” என்றான். காரைச்செடிக்கு அடியில் சருகுக்குள் கௌதாரி முட்டைகள், சந்தன நிறத்தில். இரண்டு உடைந்திருந்தன. மற்றவை முழுசாக இருந்தன. “கௌதாரிக்கு வேற எடமா இல்ல” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு பக்கமும், மேலும் கீழும், ஒன்றும் மிச்சமில்லை. அடிக்கட்டைகள் மட்டும் மண்ணில் பிளந்து நின்றன. சாரைப்பாம்பு ஒன்று என் வீட்டுப் பக்கம் வரப்பு மேலேயே ஓடியது. ஒடிந்த கிளையோடு கொம்புத்தேன் கூடு ஒன்று தரையில் கிடந்தது, உள்ளங்கை அளவுதான். சின்னத் தேனீக்கள் அதை விட்டுப் போகாமல் அதன்மேலேயே மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று கூட என்னைக் கொட்டவில்லை.

அன்று சாயங்காலம் காடு பெரிதாகத் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். “வழுக்க தலையாட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கௌதாரி ஜோடி நாலைந்து நாள் வேலி இருந்த தடத்திலேயே மேலும் கீழும் நடந்தது. விடியற்காலையில் கத்தும். அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. தவிட்டுக்குருவிகள் எப்போது போயின என்று நான் கவனிக்கவில்லை. போன பிறகுதான், காட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று தெரிந்தது. ஓடிவந்த சாரை எங்கள் வைக்கோல் போரில் படுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் அடித்துப் போட்டார்கள். நானும்தான் கம்பு எடுத்துக் கொடுத்தேன். ஐப்பசியில் என் மக்காச்சோளத்தில் எலி புகுந்தது. வேலி இருந்தவரை மயில் தாண்டிப் பறந்துதான் வரும், ஒன்று இரண்டு. இப்போது அவள் காட்டிலிருந்து என் காட்டுக்குக் கல்யாண வீட்டுக்கு வருவது போல நடந்தே வந்தன. இரண்டு வரிசை நிழலுக்காக வெட்டினேன், நாலு வரிசையை மயிலும் எலியும் தின்றன. படைப்புழுவும் வந்தது. அது எல்லார் காட்டிலும் வந்தது, அந்தப் பழியை வேலி தலையில் போடமாட்டேன்.

இன்னொரு மாற்றம் நான் எதிர்பாராதது. வேலி அவளுக்கு மறைப்பாகவும் இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் அவள் களை எடுப்பாள், உட்காருவாள், சோறு தின்பாள், பிள்ளைகளைத் திட்டுவாள். எனக்குக் குரல்தான் கேட்கும். இப்போது நான் நிமிர்ந்தால் அவள் தெரிகிறாள், அவள் நிமிர்ந்தால் நான் தெரிகிறேன். நான் காட்டில் இருந்தால் அவள் உட்காருவதே இல்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் வெயிலில் தின்றாள். நான் வருவதற்கு முன்னால் வந்து வேலையை முடித்துக்கொண்டு போகப் பார்த்தாள். நிழலையும் மறைப்பையும் சேர்த்து வழித்துவிட்டேன்.

ஐப்பசியில் பரங்கி பூத்தது. நல்ல கொடி, நல்ல பூ. காலையில் பார்த்தால் காடே மஞ்சளாக இருக்கும். ஆனால் காய் நிற்கவில்லை. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல இருக்கும் பிஞ்சு, இரண்டு மூன்று நாளில் வெளுத்து, வெம்பி, உதிர்ந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு என்னவோ டானிக் வாங்கி அடித்தாள். அப்போதும் உதிர்ந்தது. “மழைதான் காரணம்” என்று நான் மனைவியிடம் சொன்னேன். அந்த வாரம் மழையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் மீன்சுருட்டியிலிருந்து பைக்கில் வந்தான். காட்டைச் சுற்றிப் பார்த்தான். வேலி இல்லாத காட்டில் எல்லாப் பேச்சும் கேட்கும்.

“இதுல என்னத்தப் பொங்கலுக்கு வெட்டப் போற? ஒரு பிஞ்சு நிக்கல. காய் வரலன்னா நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டுப் புள்ளைங்களோட கெளம்பு. ஒத்தையில கெடந்து எதுக்கு இந்தப் பாடு?”

“தை வரைக்கும் பாக்கறேன்” என்றாள்.

“தைக்கு நான் வண்டியோட வருவேன்.”

“வாங்க. காய ஏத்திகிட்டுப் போலாம்.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவன் போன பிறகு கொடிக்கு நடுவில் குனிந்து உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டாள். மாட்டுக்குப் போட எடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவள் வருவதற்கு முன், விடிந்தும் விடியாமலும் அவள் காட்டுக்குள் போய் ஒரு பூவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பீடி ஒன்று பிடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று. ஒரு கறுப்பு வண்டு வந்து இதழைக் கடித்துவிட்டுப் போயிற்று. வேறு ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் பரங்கி பூத்தால் காலையில் காட்டுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் இருக்கும். பக்கத்துப் பூவுக்கும் போனேன். அங்கேயும் சத்தம் இல்லை. அவள் ஆட்டிடம் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்தது. கொம்புத்தேன் நாலு கூடு, எங்க கொடி பூக்கப் போவுது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தாள், சிரித்தாள்.

“தேனீயத் தொரத்தியாச்சு. இப்ப நீங்க போயி பூவு பூவா ஒக்காருங்க” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நெசமாவே பண்ணலாம். கலியாணத்துக்கு முன்ன விதப் பருத்திக்கு கிராஸிங் போட்ட கைதான இது” என்று விரல்களை நீட்டிக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் ஒட்டு விதைப் பருத்தி போடுகிற காடுகளில் பெண்கள் விடியலில் போய் ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தடவுவார்கள். அதற்குக் கிராஸிங் என்று பேர். பரங்கிக்கும் அதே வேலைதான் என்றாள். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அதற்குள் முடிக்க வேண்டும்.

அவள் போய்த் தம்பி பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று நாள் இரண்டு பேரும் செய்தார்கள். நாலாம் நாள் மனைவிக்கு முட்டி வீங்கி எழுந்திருக்க முடியவில்லை.

“ஒத்தை ஆளுக்கு அந்தக் காடு ஆவாது. போங்க” என்றாள்.

“நான் எப்படிப் போறது? அவ இருப்பாளே.”

“ஜே.சி.பி. வுட்டப்பவும்தான் இருந்தா.”

போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மேற்கு முனைக்கு நகர்ந்துவிட்டாள். நான் கிழக்கு முனையில் ஆரம்பித்தேன். என் விரல் மண்வெட்டி பிடித்த விரல். முதல் நாள் பத்துப் பூவையாவது நசுக்கியிருப்பேன். ஒரு தேனீ யோசிக்காமல் செய்கிற வேலையை இடுப்பு ஒடிய ஒடியச் செய்தேன். பனியில் வேட்டி முட்டி வரை நனைந்து ஒட்டிக்கொள்ளும். மூக்கில் மஞ்சள் பொடி ஏறித் தும்மல் வரும். டீக்கடையில், “என்னண்ணே, கலியாண மாப்புள கணக்கா மொகமெல்லாம் மஞ்சளு?” என்று கேட்டார்கள். டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். எனக்கு அது புதிது.

இரண்டாம் நாள் அவள் வரப்பில் மேய்ந்த மாட்டிடம், “முடிச்ச பூவுக்கு நூல் கட்டணும், இல்லாட்டி மறுபடி மறுபடி அதையே தொட்டுகிட்டு இருப்பாங்க” என்றாள். மறுநாள் சிவப்பு நூல்கண்டு ஒன்று கிழக்கு வரப்பில் இருந்தது. எடுத்துக் கட்டினேன். இப்படி மூன்று வாரம். இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து நடுவை நோக்கி வருவோம். நெருங்கினால் அவள் நின்றுவிடுவாள், நானும் நின்றுவிடுவேன். அதனால் நடு இரண்டு வரிசையை யாரும் தொடவில்லை. கார்த்திகை பிறந்தபோது இரண்டு பக்கமும் இலைக்கு அடியில் காய் உருண்டு கிடந்தது. நடு இரண்டு வரிசையில் இலைதான் இருந்தது.

மார்கழிக் கடைசியில் அவளுடைய அண்ணன் சொன்னபடி வண்டியோடு வந்தான். டாடா ஏஸ். பெட்டி படுக்கை ஏற்ற வந்த வண்டியில் பரங்கி ஏறியது. வண்டி நிறையவில்லை, முக்கால்வாசிதான். வேலி இருந்திருந்தால் இன்னும் ஒரு நடை போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் வண்டியைச் சுற்றி வந்து கயிற்றை இழுத்துக் கட்டினான். “சரி, இந்த வருஷம் பாரு” என்று மட்டும் சொன்னான். பிள்ளைகள் இரண்டும், தங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று, அவன் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருந்தன. வண்டி கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தன.

பொங்கலுக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பரங்கிக் கீற்று கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மனைவி பெரம்பலூர் உழவர் சந்தையில் ஒரு கீற்று வாங்கி வந்து குழம்பு வைத்தாள். “நல்லா இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

மாசியில் ஒரு காலை அரிவாளைத் தீட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். வேலித் தடத்தில் சீமைக்கருவேலங்கன்று முளைத்திருந்தது, அதைக் கொத்தலாம் என்று. கிட்டப் போய்ப் பார்த்தால், அடிக்கட்டைகளில் கிளுவை துளிர்த்து முட்டி உயரத்துக்கு நின்றது. கட்டை செத்த இடங்களில் புதிதாக நட்ட போத்துகள், வெட்டிய கிளைத் துண்டுகள்தான், வேர் பிடித்திருந்தன. ஜே.சி.பி. தள்ளிய குவியலைக் கொளுத்த வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவள் அதிலிருந்து உயிர் இருந்த கிளைகளைப் பொறுக்கி, ஐப்பசி மழைக்கே ஊன்றியிருக்கிறாள். பூ உதிர்ந்துகொண்டிருந்த நாட்களில், வண்டியோடு வருவேன் என்று அண்ணன் சொன்ன அதே நாட்களில், ஊன்றியிருக்கிறாள். குனிந்து பார்த்தேன். கூடு எதுவும் இல்லை. தேன்சிட்டு ஒன்று மட்டும் ஒரு போத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

நிமிர்ந்தால் எதிரே அவள். என் கையில் அரிவாளைப் பார்த்துவிட்டு வேகமாக வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. சுற்றிலும் ஆடு இல்லை, மாடு இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மரத்துக்குப் பின்னால் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

“மாமா” என்றாள்.

எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“எங்க முறைய நீங்க எடுத்துகிட்டீங்க. அப்ப இந்த வருஷ முறை எங்களுது. நான்தான் வெட்டணும். நான் வெட்டல.”

கருவேலங்கன்று கொத்த வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, “சரிம்மா” என்றேன்.

“அருவாள வச்சிட்டுப் போங்க.”

வரப்பில் வைத்துவிட்டு வந்தேன். அரிவாள் இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.